உரையைத் திறக்கும் முன்: குறுந்தொகையைச் சொந்தமாகப் படிக்கும் முறை

சங்கப் பாடல்களைப் படிக்க ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் தெளிவுரையில்தான் தொடங்குகிறார்கள். பாடல் மேலே இருக்கும். கண் நேராகக் கீழே இருக்கிற உரைநடைக்கு இறங்கிவிடும். இரண்டு நிமிடத்தில் பொருள் தெரிந்துவிடும். இப்படிப் பத்துப் பாடல் போனால் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும்: தலைவி வருந்துகிறாள், தோழி தேற்றுகிறாள், மலையில் அருவி விழுகிறது. புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். அவர்கள் படித்தது பாடலே அல்ல, பாடலைப் பற்றி இன்னொருவர் எழுதிய குறிப்பு. இலக்கியத்தின் மேல் இருந்த ஆசை பாதியில் வற்றுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

இதற்கு மாற்று எளிது: முதலில் பாடல், அடுத்து அகராதி, கடைசியில் உரை. இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால், பள்ளி இலக்கணத்தை மறந்துபோனவர்கூட ஒரு குறுந்தொகைப் பாடலைத் தன் முயற்சியில் திறந்துவிடலாம்.

எந்த நூல், எந்தப் பாடல்

குறுந்தொகையே தொடங்கச் சரியான நூல். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். ஒவ்வொன்றும் 4 முதல் 8 அடி. (307, 391 ஆகிய இரண்டு மட்டும் 9 அடி.) ஒரே அமர்வில் முழுப் பாடலையும் மனத்தில் வைத்துக்கொள்ள முடிகிற அளவு இது. நற்றிணை 9 முதல் 12 அடி வரை போகும், அகநானூறு 13 முதல் 31 வரை. அகநானூற்றில் ஒரு வாக்கியம் பத்து அடிக்கு நீண்டுகொண்டே போவது சாதாரணம். பழக்கம் இல்லாதவர் எழுவாயைத் தேடியே களைத்துவிடுவார். புறநானூறு தெரிந்த வரிகள் நிறைந்தது, அதனால் இழுக்கும். ஆனால் அரசர், குடி, போர் பற்றிய செய்திகள் இல்லாமல் பாதிப் பாடல்கள் நகராது. ஐங்குறுநூறு இன்னும் சிறியது, 3 முதல் 6 அடிதான். பத்துப் பத்தாகத் தொகுத்திருப்பதால் அதைத் தொடர்ந்து படித்தால்தான் சுவை.

முதல் பாடலிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். குறுந்தொகை 1 முருகனின் போரோடு தொடங்குகிறது. புராணச் செய்தி தெரிந்தால்தான் பிடிபடும். 3, 6, 18, 25, 28, 40, 49, 167, 290 என்ற எண்களில் தொடங்குங்கள். இவற்றில் 167 வேறு வகை: புது மனைவி சமைத்ததைக் கணவன் உண்ணும் காட்சி, செவிலி பார்த்துவந்து சொல்வது. காதல் துயரப் பாடல்களுக்கு நடுவே அது மனத்துக்கு இதம்.

என்னென்ன வேண்டும்

முதலில் ஒரு நல்ல பதிப்பு. உ.வே.சாமிநாதையர் 1937இல் தம் உரையோடு வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்புக்கு ஈடு இன்றும் இல்லை. மூலமும் பழைய உரைகளும் மதுரைத் திட்டம் (Project Madurai) என்னும் இணைய நூலகத்திலும் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. இணையத்தில் படித்தால் தட்டச்சுப் பிழை இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு சொல் எவ்வளவு முயன்றும் வழிக்கு வராவிட்டால், முதலில் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அகராதிக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பின்னிணைப்பாகவும் வந்தது. இணையத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. கைபேசியில் இருக்கும் சிறு அகராதிகள் இந்த வேலைக்கு உதவா. அவை இன்றைய பொருளைத்தான் தரும்.

ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில். இடப்பக்கம் பாடல், அடிக்கும் அடிக்கும் நடுவே இரண்டு வரி இடைவெளி விட்டு. வலப்பக்கம் குறிப்புகள். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.

ஐந்தடிப் பாடல் ஒன்றுக்குத் தொடக்கத்தில் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது பாடல் முதலாவதை அழித்துவிடும்.

காதில் விழட்டும்

பாடலைக் கையால் எழுதியபின் மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். பொருள் தெரிய வேண்டியதில்லை. குறுந்தொகை 25ஐ எடுத்துக்கொள்வோம், கபிலர் பாடியது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

நான்காம் அடி குறுகி ஒலிப்பதைக் காது உடனே கண்டுபிடிக்கும். மற்ற அடிகளில் நான்கு சீர், இதில் மூன்று. ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராக வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். குறுந்தொகை முழுக்க இந்த அமைப்புதான். இது வெறும் யாப்புச் செய்தி அல்ல. அந்தக் குறுகிய அடியில் மூச்சு சற்றே நிற்கிறது, கடைசி அடி தனியாக வந்து விழுகிறது. இந்தப் பாடலில் கொக்கு மீனைப் பார்த்துக்கொண்டு நிற்பது அந்த நிற்கும் இடத்தில்தான்.

நடைமுறைப் பயன் ஒன்றும் உண்டு. நகலெடுத்த பாடலில் ஈற்றயலடி நான்கு சீராக இருந்தால் அடி பிரித்ததில் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது.

சொற்களைப் பிரித்தல்

சந்தி பிரித்த பதிப்புகள் உண்டு. மர்ரே எஸ். ராஜம் வெளியிட்டவை புகழ்பெற்றவை. அவற்றைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். முதல் முயற்சி உங்களுடையதாக இருக்கட்டும். ஒரு சில விதிகள் தெரிந்தால் பெரும்பாலான முடிச்சு அவிழ்ந்துவிடும்.

வல்லினத்துக்கு முன் ற் வந்தால் அது ல் அல்லது ன் ஆக இருக்கலாம்: கருங்கோற் குறிஞ்சி என்பது கருங்கோல் குறிஞ்சி, அணிற்பல் என்பது அணில் பல். அதே இடத்தில் ட் வந்தால் ள் அல்லது ண் என்று வைத்துப் பாருங்கள். ங், ஞ், ந் வந்தால் ம் ஆக இருக்கும் வாய்ப்பு அதிகம்: சிறுபசுங்கால என்பது சிறு பசும் கால. நடுவில் காரணமில்லாமல் ய், வ் நின்றால் அது உடம்படுமெய் (இரண்டு உயிரெழுத்தை இணைக்க வந்த மெய்), தூக்கிவிடலாம். உகரம் காணாமல் போயிருக்கும் இடங்களும் உண்டு: இனிதடங்கினர் என்பது இனிது அடங்கினர்.

இங்கே வழக்கமாக நேரும் தவறு, சீர் பிரிப்பைச் சொல் பிரிப்பாக எண்ணுவது. குறுந்தொகை 3இல் "ஆரள வின்றே" என்று அச்சிட்டிருப்பார்கள். அது யாப்புக்காகப் பிரித்தது. சொற்களாகப் பிரித்தால் ஆர் அளவின்றே. அளத்தற்கு அரிய அளவினது என்று பொருள். "வின்றே" என்று அகராதியில் தேடினால் எதுவும் கிடைக்காது.

வினையைக் கண்டுபிடியுங்கள்

சொற்கள் பிரிந்ததும் அகராதிக்கு ஓட வேண்டாம். முதலில் வாக்கியத்தின் எலும்பைப் பாருங்கள். எது முற்று (முடிந்த வினை), எது எச்சம் (முடியாமல் வேறு சொல்லைத் தேடும் வினை), எழுவாய் எங்கே? இந்தப் பாடல்களில் எழுவாய் பெரும்பாலும் கடைசியில் ஒளிந்திருக்கும். குறுந்தொகை 3, தேவகுலத்தார் பாடியது:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

பெரிது, உயர்ந்தன்று, ஆர் அளவின்று என்று மூன்று பயனிலைகள் முதலில் வந்துவிடுகின்றன. எது பெரிது என்ற விடை பாடலின் கடைசிச் சொல்லான "நட்பே"யில் இருக்கிறது. ஆகவே கடைசி அடியிலிருந்து மேல்நோக்கிப் படித்து எலும்பைக் கட்டுங்கள்: நாடனொடு நட்பு நிலத்தினும் பெரிது. கட்டி முடித்ததும் மறுபடி மேலிருந்து படியுங்கள். அவள் அந்தச் சொல்லை எவ்வளவு நேரம் தள்ளிவைக்கிறாள் என்பது அப்போது தெரியும்.

இரண்டு இடங்களில் இந்தப் பாடல் காலை வாரும். ஒன்று, "சாரல்" இரண்டாம் அடியின் முடிவில் நின்றாலும் அடுத்த அடிக்குச் சொந்தமானது: சாரல் கருங்கோல் குறிஞ்சி. அடி முடிந்த இடத்தில் வாக்கியமும் முடிந்துவிட்டது என்று நினைத்தால் சாரல் அந்தரத்தில் தொங்கும். மற்றொன்று "பெருந்தேன் இழைக்கும் நாடன்". தேன் இழைப்பது நாடன் அல்ல. இழைப்பது யார் என்று பாடல் சொல்லவே இல்லை. வண்டு என்ற சொல் நான்கு அடியிலும் கிடையாது. தேன் இழைக்கப்படும் நாட்டை உடையவன் என்று விரிக்க வேண்டும். சங்கப் பாடலில் பெயரெச்சம் இப்படி இடத்தையும் உடைமையையும் சேர்த்து விழுங்கிக்கொள்ளும். ஐந்து பாடல்களில் இதைப் பார்த்துவிட்டால் பிறகு சிக்கல் இல்லை.

தெரிந்த சொற்கள்தாம் ஆபத்தானவை

தெரியாத சொல்லை எல்லோரும் தேடுவார்கள். ஏமாற்றுவது தெரிந்த சொல். 25ஆம் பாடலையே பாருங்கள். "யான் எவன் செய்கோ" என்பதில் எவன் ஓர் ஆள் அல்ல, என்ன என்று பொருள்: நான் என்ன செய்வேன்? "சிறுபசுங் கால" என்பதில் கால் என்றால் பொழுது இல்லை. சிறிய பசிய கால்களை உடைய என்பதுதான். "மணந்த" என்றதும் கல்யாணம் நினைவுக்கு வரும். இங்கே கூடிய என்ற பொருள், கல்யாணம் இன்னும் நடக்கவில்லை என்பதுதான் அவள் கவலையே. இந்த மூன்றையும் இன்றைய பொருளில் எடுத்தால் பாடல் முழுக்கத் தலைகீழாகிவிடும். எடுப்பவருக்கு அது தெரியவும் தெரியாது, ஏனென்றால் எல்லாச் சொல்லும் புரிந்த மாதிரியே இருக்கும்.

அதுபோல "உயர்ந்தன்று" மறுப்பு இல்லை. உயர்ந்தது என்றே பொருள். குறுந்தொகை 6இன் தொடக்கமான "நள்ளென்றன்றே யாமம்" என்பதிலும் அதே ஈறு: யாமம் நள்ளென்று ஒலித்தது. நாறுதல் என்றால் மணத்தல். வேழம் யானையாகவும் இருக்கும், நாணலாகவும் இருக்கும். கள்வன் இங்கே தலைவன். ஐங்குறுநூற்றில் அதே சொல் நண்டைக் குறிக்கும். மா என்ற ஓரெழுத்துக்கு மரம், விலங்கு, கருமை, பெருமை எல்லாம் உண்டு.

லெக்சிகனில் ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் வரிசையாக இருந்தால் முதலாவதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் எந்த நூலில் வந்தது என்ற சுருக்கக் குறிப்பு இருக்கும். "குறுந்.", "புறநா." போன்ற குறிப்பு உள்ள பொருளை முதலில் பொருத்திப் பாருங்கள். எந்தப் பொருளும் பொருந்தவில்லையென்றால் அகராதியைக் குறை சொல்வதற்கு முன் சொல்லைப் பிரித்ததைத் திரும்பப் பாருங்கள். பத்தில் எட்டு முறை தவறு அங்கேதான் இருக்கும்.

யார் பேசுகிறார், யார் கேட்கிறார்

ஒவ்வொரு அகப்பாடலோடும் ஒரு துறைக் குறிப்பு இருக்கும்: இன்னார் இன்னாருக்கு இந்தச் சூழலில் சொன்னது என்று. அது புலவர் எழுதியதல்ல, பின்னால் சேர்ந்தது. முதல் வாசிப்பில் அதை ஒரு துண்டுத்தாளால் மறைத்துவிடுங்கள். பேசுவது யார் என்று பாடலுக்குள்ளேயே சாட்சி தேடி நோட்டில் எழுதுங்கள். 25இல் "தான் மணந்த ஞான்று" (அவன் கூடிய நாளில்) அங்கே இருந்தது யார் என்று அறிந்தவள் ஒருத்திதான் இருக்க முடியும். எனவே தலைவி. கேட்பவர் பெயர் இல்லை, ஆனாலும் இதை யாரிடம் சொல்ல முடியும்? தோழியிடம் மட்டும்.

பிறகு தாளை எடுங்கள். சில சமயம் குறிப்பு நீங்கள் எழுதியதையே சொல்லும். சில சமயம் பாடலையே திருப்பிப் போட்டுவிடும். 3ஆம் பாடலை முதலில் படிக்கிறவர் அதை ஒரு மகிழ்ச்சிப் பெருக்காக எடுத்துக்கொள்வார். குறிப்பு வேறு கதை சொல்கிறது: தலைவன் வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான், திருமணத்துக்கு அவனை விரைவுபடுத்தத் தோழி அவனைக் குறைகூறுகிறாள், தலைவி மறுத்துப் பேசுகிறாள். இப்போது "நிலத்தினும் பெரிதே" என்பது ஒரு வாதத்துக்குப் பதில். அவன் காதில் விழட்டும் என்று சொல்லப்படுவதாகவும் இருக்கலாம். அதே சொற்கள், குரல் வேறு. இரண்டு வாசிப்பையும் நோட்டில் வைத்திருங்கள். குறிப்பு பழையது என்பதால் மதிக்க வேண்டும். அதற்காக உங்கள் முதல் வாசிப்பை அழிக்க வேண்டியதில்லை.

திணையை அட்டவணையாக்காதீர்கள்

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற தொல்காப்பியப் பகுப்பு கட்டாயம் உதவும். பாடலில் நிலமும் பொழுதும் எங்கே, விலங்கும் பூவும் எவை, நிகழும் உணர்வு எது என்று மூன்று வரி எழுதுங்கள், போதும். புணர்தல் குறிஞ்சி, இருத்தல் முல்லை, ஊடல் மருதம், இரங்கல் நெய்தல், பிரிதல் பாலை. இதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடலையும் பெட்டிக்குள் போட முயன்றால் 25ஆம் பாடலிலேயே முட்டிக்கொள்வீர்கள். அது குறிஞ்சிப் பாடல். ஆனால் அங்கே மலை இல்லை. ஓடும் நீர், ஆரல் மீன், குருகு. உரிப்பொருளே திணையை முடிவுசெய்கிறது, நிலம் அல்ல. ஆனாலும் மலை அடியோடு மறைந்துவிடவில்லை. குருகின் காலுக்கு உவமையாக வந்த தினைத்தாளில் இருக்கிறது. தினை குறிஞ்சிப் பயிர்.

இப்போது படிமத்தைக் கேள்வி கேளுங்கள். இந்தப் பறவை ஏன் இங்கே? "யாரும் இல்லை" என்று தொடங்கியவள் முடிவில் "குருகும் உண்டு" என்கிறாள். அந்த "உம்" என்ற ஒற்றை இடைச்சொல்லில் முழுப் பரிதவிப்பும் அடங்கியிருக்கிறது: சாட்சிக்கு இருந்தது அது ஒன்றுதான். அந்தச் சாட்சியும் இவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. தன் இரையைத் தவிர வேறெதையும் பார்க்காத ஒன்றுக்கும் அந்தக் கள்வனுக்கும் ஒற்றுமை உண்டா? பாடல் அதைச் சொல்லவில்லை. வாசகர் கேட்கலாம், விடையை "என் எண்ணம்" என்று தலைப்பிட்டு வலப்பக்கத்தின் அடியில் எழுதலாம். பாடல் சொல்வதையும் நமக்குத் தோன்றுவதையும் ஒரே பத்தியில் கலந்தால், ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது எது எதுவென்று தெரியாது.

எல்லா இயற்கைக் காட்சியும் உள்ளுறை (உள்ளே மறைந்திருக்கும் உவமை) அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கொக்கும் தலைவன், ஒவ்வொரு பூவும் தலைவி என்று சமன்பாடு போடத் தொடங்கினால் காடும் கடலும் கணக்குப் பாடமாகிவிடும். காட்சியை முதலில் காட்சியாகப் பாருங்கள்.

இனி உரை

இப்போதுதான் உரையைத் திறக்க வேண்டும். உ.வே.சா. பதிப்பில் ஒவ்வொரு பாடலுக்குப் பின்னும் பல பகுதிகள் வரும். பதவுரையைவிட "முடிபு" என்ற சிறு பகுதியை முதலில் பாருங்கள். வாக்கியத்தின் எலும்பை ஓரிரு வரியில் தரும். நீங்கள் கட்டியதோடு ஒப்பிட அதுவே சரியான இடம். "பிரதிபேதம்" ஏடுகளில் இருந்த வேறு பாடங்களைக் காட்டும். பொருள் எங்கே தடுமாறுகிறதோ அங்கே ஒரு பாடபேதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதவுரையைப் படிக்கும்போது பென்சிலோடு உட்காருங்கள். உரையில் இருக்கிற, ஆனால் பாடலில் இல்லாத ஒவ்வொரு சொல்லையும் அடிக்கோடிடுங்கள். "வண்டுகள்", "தலைவன்", "என்னை", "களவில்" என்று கோடு விழுந்துகொண்டே போகும். அந்தக் கோடுகள்தாம் உரையாசிரியரின் உழைப்பு, புலவர் சொல்லாமல் விட்ட இடங்களும் அவையே. எதைச் சொல்லாமல் விட்டார் என்பது கண்ணுக்குத் தெரியும் இந்தக் கட்டத்தில்தான் பலருக்கு இந்தப் பாடல்கள் மேல் தீராத காதல் பிடிக்கிறது.

உரை உங்கள் பொருளோடு மோதினால் உடனே பணிந்துவிடவும் வேண்டாம், அடம்பிடிக்கவும் வேண்டாம். இரண்டாவது உரை ஒன்றைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போய் நீங்கள் மட்டும் தனித்து நின்றால் பெரும்பாலும் ஒரு சொல்லை இன்றைய பொருளில் எடுத்திருப்பீர்கள். உரைகளே தங்களுக்குள் வேறுபட்டால் அந்த இடம் உண்மையிலேயே திறந்து கிடக்கிறது, குறித்துவையுங்கள்.

முடிந்ததும் பாடலை உங்கள் சொந்த உரைநடையில் ஐந்தாறு வரியில் எழுதுங்கள். "அழகான", "இனிய", "துயரமான" போன்ற அடைகள் பாடலில் இல்லாமல் உங்கள் உரைநடையில் வந்தால் அடித்துவிடுங்கள். பிறகு மனப்பாடம். ஐந்தடியை இரண்டு நாள் காலையில் சொல்லிப் பார்த்தால் நின்றுவிடும். மனப்பாடம் ஆன பாடல் மற்றொரு பாடலைப் படிக்கும்போது தானாக எழுந்து வரும். ஒப்பிட்டுப் படிக்க அதைவிட நல்ல கருவி இல்லை.

அடுத்து எங்கே

முப்பது பாடல் முடிந்தபின், உ.வே.சா. பதிப்பின் "ஒப்புமைப் பகுதி" உங்களுக்கு வழிகாட்டும். அதே சொல்லோ அதே காட்சியோ வேறு எந்தப் பாடலில் வருகிறது என்று எண்ணோடு காட்டியிருப்பார். வரிசையாகப் போவதைவிட அந்தக் கிளைகளைப் பிடித்துப் போவது சுவையானது. ஒரே குருகு பத்துப் பாடலில் பத்து விதமாக நிற்பதைப் பார்க்கலாம். அங்கிருந்து நற்றிணை, ஐங்குறுநூறு. நெடும்பாட்டுக்குத் துணிவு வந்ததும் முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடி. மதுரைக்காஞ்சியின் 782 அடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தை ஐம்பது பாடலாவது கையில் இருக்கும்போது திறவுங்கள். அதற்கு முன் படித்தால் நூற்பாக்கள் வெறும் விதிகளாக நிற்கும். பாடல்கள் மனத்தில் இருந்தால் ஒவ்வொரு நூற்பாவுக்கும் இரண்டு மூன்று உதாரணம் உங்களிடமே இருக்கும், பொருந்தாத பாடல் ஒன்றும் இருக்கும். அந்தப் பொருந்தாத பாடலின் எண்ணை நூற்பாவின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.